ஸ்பானர் பிடிச்ச பேராண்டிக்கு

வாடா பேராண்டி. மூஞ்சியில ஆயில், முழங்கையில கிரீஸ். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. ஷோரூம்காரன் கேக்கற சர்வீஸ் காசை மிச்சம் பிடிக்க, அதைப் போல நாலு மடங்குக்குச் சாமான் வாங்கிப் போட்டிருக்கியாமே. கணக்குல உங்கப்பனையே மிஞ்சிட்ட.

நம்ம திருநீர்மலையில பெருமாளுக்கு நாலு கோலம். அடிவாரத்துல நீர்வண்ணர் நிக்கிறாரு. மேல நரசிம்மர் உக்காந்திருக்காரு, ரங்கநாதர் படுத்திருக்காரு, உலகளந்தவர் நடக்கிறாரு. உன் பைக்கும் காலையில நின்னுச்சு, அப்புறம் உக்காந்துச்சு, இப்ப படுத்தே கிடக்கு. நாலாவது கோலத்துக்காகத் தெருவே காத்திருக்கு. மலையைச் சுத்தி நின்ன தண்ணி வடியட்டும்னு திருமங்கையாழ்வார் ஆறு மாசம் காத்திருந்தாராம். நாங்களும் அந்த ஊர்க்காரங்கதான், பொறுமைக்குப் பஞ்சமில்ல. நீ நிதானமா பண்ணு.

எங்க காலத்துல இங்க எல்லாருமே மெக்கானிக்தான். 1980ல டி.வி.எஸ். 50 வந்துச்சு. பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஊத்தணும், அளவு கூடினா புகையா கக்கும். வழியில நின்னுட்டா பிளக்கைக் கழட்டி, கரியை உப்புத்தாள்ல தேய்ச்சு, ஊதி மாட்டினா கிளம்பிடும். அதை வச்சு நாங்க மீசையை முறுக்கிக்கிட்டோம். நிஜத்துல கெட்டிக்காரத்தனம் எங்க கையில இல்லடா, வண்டியில இருந்த சாமானே அவ்வளவுதான். 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 புகை விதி வந்தப்புறம் பெரும்பாலான வண்டியில கார்புரேட்டரே போயிடுச்சு. பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீச்சுது. அதுக்கு உடம்பு சரியில்லன்னா ஸ்கேனரை மாட்டித்தான் கேக்கணும், உப்புத்தாள்கிட்ட அது பேசாது.

காலையில நீ பண்ணின வைபவத்தைத் திண்ணையில உக்காந்து முழுசா பார்த்தேன். பழைய ஆயில் சொட்டி முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்த, சந்தோஷம். அப்புறம் நசுங்கிப்போன பழைய வாஷரையே போட்டு, டிரெயின் போல்ட்டைப் பல்லைக் கடிச்சு முறுக்கின பாரு, அங்கதான் நீ எங்கேயோ போயிட்ட. போல்ட் இரும்பு, அது போய் உக்கார்ற இடம் அலுமினியம். முறுக்கினா முதல்ல மரை போறது வண்டிப் பக்கம்தான். பத்து ரூபா வாஷருக்குப் பார்த்தவன் லேத் பட்டறைக்காரனை வாழ வைக்கப் போற. தர்மம் தலைகாக்கும்.

அதோட முடிஞ்சுதா? உங்கப்பன் காருக்கு வாங்கின ஆயில் மிச்சம் இருக்குன்னு அதை எடுத்து ஊத்தின. கியர் பைக்குல கிளட்ச்சும் அதே ஆயில்லதான்டா முழுகிக் கிடக்கு. காருக்குன்னு வர்ற சில ஆயில்ல நல்லா வழுக்கறதுக்குன்னு சரக்கு சேர்த்திருப்பான். அது கிளட்ச்சையும் சேர்த்து வழுக்க விட்டுடும். இன்ஜின் கத்தும், வண்டி நகராது. டப்பாவுல ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ.ன்னு போட்டிருக்கான்னு பாரு. எம்.பி.ன்னு இருந்தா அது ஸ்கூட்டருக்கு. பழைய ஆயிலைக் கால்வாய்ல கவுக்கலாம்னு ஒரு பார்வை பார்த்தியே, அந்த நினைப்பையும் விடு. ஊரு பேருலேயே நீர் இருக்கு, அதுல நீ எண்ணெய் விட வேணாம். கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் சேர்க்கிற ஒர்க்‌ஷாப்புல கொடு.

அதுக்காக ஷோரூம்லயே போய் விழுன்னு நான் சொல்லல. அங்க மரியாதைக்குக் குறைச்சலே இல்ல. ஏ.சி. இருக்கு, காபி இருக்கு, வாய்க்கு வாய் சார். இலவச சர்வீஸ்னா கூலி மட்டும்தான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் நீதான் அழணும். கேக்காமலே பாலிஷ், துருப்பிடிக்காம ஒரு பூச்சு, இன்ஜின் கரி எடுக்க ஒரு மருந்துன்னு பில்லு நீண்டுக்கிட்டே போகும். ஜி.எஸ்.டி. ரோட்டுல ஓட்டின பாவத்துக்குப் பில்லுலயும் ஜி.எஸ்.டி., அது 18 சதவீதம். ‘வெளிய கை வச்சா வாரன்டி போயிடும் சார்’னு ஒரு பயமுறுத்தல் வேற.

அந்தப் பயமுறுத்தலுக்கு ஒரு கதை இருக்கு, கேளு. 2014 ஆகஸ்ட் 25ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. உதிரி பாகத்தையும் பழுது பார்க்கிற கருவியையும் வெளி மெக்கானிக் கைக்குப் போகவிடாம மறிச்சாங்கங்கறதுதான் வழக்கு. வெளிய ரிப்பேர் பார்த்தான்கிற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மொத்தமா ரத்து பண்ணக் கூடாது, வெளி வேலையால வந்த சேதத்துக்கு மட்டும் கையை விரிச்சுக்கலாம்னும் அந்த உத்தரவுல இருக்கு. கம்பெனிக்காரங்க சும்மா விடுவாங்களா, அப்பீலுக்குப் போனாங்க. 2022 டிசம்பர்ல மத்திய சர்க்காரும் ரிப்பேர் உரிமைக்குன்னு தனியா ஒரு இணையதளம் திறந்துச்சு. நீ இந்தச் சட்டத்தைப் பேசி ஷோரூம் வாசல்ல சண்டைக்கு நிக்காத. வாரன்டி இருக்கிற வரைக்கும் அங்கயே விடு, ஆனா வாயைத் திறந்து கேள்வி கேளு.

நம்ம தெருமுனை மெக்கானிக்கும் சாமானியப்பட்டவன் இல்ல. ‘வண்டி ரெடிண்ணா, டெஸ்ட் மட்டும் பாக்கி’ம்பான். அந்த டெஸ்டுல அவன் பல்லாவரம் போய் டீ குடிச்சுட்டு வந்திருப்பான். புதுப்பேட்டையில பொறுக்கின சாமானை ‘ஒரிஜினல்தாண்ணா, அட்டைப்பெட்டி மட்டும் கிழிஞ்சுபோச்சு’ம்பான். ஆனா ராத்திரி வண்டி நின்னா போனை எடுக்கறவனும் அவன்தான். கழட்டின பழைய பார்ட்டைக் கையில கொடுப்பான்னா அவனை நம்பலாம். நீ கேக்காம அவனும் கொடுக்க மாட்டான்.

மெக்கானிக் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டிய நேரமும் உண்டு. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் படகு விட்டாங்க. வெள்ளம் வடிஞ்சதும் வண்டி உயிரோட இருக்கான்னு பார்க்க உன்னை மாதிரி ஆசாமிதான் முதல்ல ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பான். காத்து அமுங்கும்டா, தண்ணி அமுங்காது. உள்ள தண்ணி இருக்கறப்ப பிஸ்டன் ஏறினா கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். முழுகின வண்டியில நீ செய்ய வேண்டிய பெரிய ரிப்பேர், சாவியைத் தொடாம இருக்கறது. பேட்டரி ஒயரைக் கழட்டு, போட்டோ எடு, இன்சூரன்ஸ்காரனுக்குச் சொல்லு, தள்ளிக்கிட்டுப் போ. இன்ஜினுக்குத் தனியா பாலிசி எடுக்காதவனுக்கு, ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்த இன்ஜினுக்குக் காசு வர்றது கஷ்டம்.

சரி, நீ எதைத்தான் செய்யலாம்? செயினைத் துடைச்சு எண்ணெய் விடு, தொய்வு பாரு. டயர் சூடேறாத காலை நேரத்துல காத்து பாரு. ஏர் ஃபில்டரைத் திறந்து தூசியைப் பாரு, பிரேக் பேடு எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு குனிஞ்சு பாரு. மனசு கேக்கலன்னா ஆயிலும் மாத்து, மேனுவலைப் பக்கத்துல விரிச்சு வச்சுக்கிட்டு. பிரேக்கைப் பிரிக்கறது, இன்ஜினைப் பிரிக்கறது, கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாம் அவனவன் தொழில்.

இவ்வளவும் காசை மிச்சம் பிடிக்கன்னு நினைச்சா நீ ஏமாந்த. கை அழுக்காகிறது பில்லைப் படிக்கத்தான். போன மாசம் நீயே கண்ணால பார்த்த பிரேக் பேடை ‘தேய்ஞ்சிடுச்சு சார், மாத்தணும்’னு ஒருத்தன் சொல்லும்போது, ‘எங்க, கழட்டிக் காட்டு’ன்னு கேக்க ஒரு தெம்பு வரும் பாரு, அதுதான் லாபம். அப்படிக் கேக்கறவன் ஷோரூம்ல விட்டாலும் ஒண்ணுதான், மரத்தடியில விட்டாலும் ஒண்ணுதான்.

என் புத்திமதிக்குக் கூலி கிடையாது, வரியும் கிடையாது. கையைக் கழுவிட்டு முக்குக் கடையில ஒரு கவுளி வெத்தலை வாங்கிட்டு வா. நடந்தே போ, வண்டியை நம்பாத.