தயவுசெய்து துடைத்துவிடாதீர்கள்

அனுப்புநர்: மடுகரைக் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைப்பவன்.

பெறுநர்: பெயரைப் போட்டால் வம்பு என்பதால் பெயர் போடப்படாத ஓர் அலுவலகத்தின் தலைமை அதிகாரி அவர்கள்.

பொருள்: அலுவலக நகல் இயந்திரத்தின் பழுதைத் தற்போதுள்ள நிலையிலேயே தொடர அனுமதி கோருதல், தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியுள்ள "மெஷின் ரிப்பேர். ஜெராக்ஸ் வெளியில் எடுத்து வரவும்" அறிவிப்பு. நாள் குறிப்பிடப்படவில்லை.

ஐயா,

உங்களுக்கு வரும் கடிதமெல்லாம் குறை சொல்லித்தான் வரும். நான் நன்றி சொல்ல எழுதுகிறேன். என் மகளின் காலேஜ் ஃபீஸ், கடையின் புது ஷட்டர், ஒழுகிய கூரைக்குப் போட்ட தகர ஷீட் எல்லாமே உங்கள் அறையை ஒட்டி, தண்ணீர்க் கேனுக்கும் பீரோவுக்கும் நடுவில் நிற்கும் அந்த மெஷின் போட்ட பிச்சை. அது தாளை ஒழுங்காக இழுப்பதை நிறுத்திய நாளிலிருந்து எங்கள் ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்: "அங்க மெஷின் ஓடாது, இங்கயே போட்டுக்கிட்டுப் போயிடு." இப்படி ஒரு விளம்பரத்துக்கு நான் எங்கே போவேன்?

ஒருமுறை கவர் கொடுக்க வந்தபோது அதன் அழகை நேரில் பார்த்தேன். முதல் தாள் மரியாதையாக வந்தது. இரண்டாவது வாசல்வரை வந்து யோசித்தது. மூன்றும் நான்கும் கைகோத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டன. எழுத்தர் அம்மா மூடியை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள்.

ஆனாலும் நீங்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதை நான் அறிவேன். தாள் இழுக்கும் ரப்பர் ரோலர் வாங்க ஃபைல் போட்டீர்கள். மூன்று விலைப்புள்ளி கேட்டீர்கள். ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தீர்கள். ரோலர் என்பது நுகர்பொருளா உதிரிபாகமா என்று கணக்குப் பிரிவு கேட்டது, விளக்கம் எழுதினீர்கள், விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஃபைலின் ஒவ்வொரு தாளுக்கும் நகல் போட்டது என் கடையில்தான். உங்கள் பியூன் அண்ணன் எங்கள் ஊர்க்காரர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ஃபைலும் கூடவே வரும்.

இப்போது எழுதக் காரணம் வேறு. புதிதாக வந்திருக்கும் இளநிலை எழுத்தர் தம்பி மெஷினின் பக்கக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்ததாகக் கேள்வி. இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தூக்கமில்லை. ஆகவே அந்தத் தம்பி என்னென்ன செய்யக் கூடாது என்று அன்போடு எச்சரிக்கிறேன்.

முதலில், அந்த ரோலரை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. தாளுக்கு வெண்மை வர அதில் சுண்ணாம்புச் சத்து கலக்கிறார்கள். ஓட ஓட அந்தத் தூள் ரப்பரில் படிந்து, அது பாசி படிந்த படித்துறை மாதிரி வழுக்க ஆரம்பிக்கும். வழுக்குகிற விரலால் ரூபாய் நோட்டு எண்ண முடியுமா? சுத்தமான துணியை வெறும் தண்ணீரில் நனைத்து, இறுகப் பிழிந்து, ரோலரைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக் காயவிட்டால் பாதி நோய் போய்விடும். தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும் எதிர் ரோலரையும் அப்படியே துடைத்தால் இரண்டு தாள் சேர்ந்து போவதும் நிற்கும். துடைத்தும் இழுக்காவிட்டால் ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். அப்போது உங்கள் ஃபைல் உதவும். பெட்ரோல், தின்னர் எதுவானாலும் தாராளமாக ஊற்றலாம். ரப்பர் வெடித்துப் போகும், எனக்கு நல்லது.

தாள் கட்டை இப்போதுபோலவே ஜன்னலோரத் தரையில் பிரித்துப்போட்டு வையுங்கள். ஐப்பசி கார்த்திகைச் சாரலில் காகிதம் நமத்துப்போன அப்பளம். ஓரம் அலை அலையாகத் தூக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போகும். ஈரம் ஏறாமல் இருக்கத்தான் கட்டைச் சுற்றி வரும் உறையே. மீதித் தாளை அதற்குள் சுற்றி அலமாரியில் வைக்கிற கெட்ட பழக்கம் யாருக்கும் வர வேண்டாம். போடுவதற்கு முன் கட்டைச் சீட்டுக்கட்டுபோல விசிறிவிடுவது, டிரேயில் கோடு போட்ட அளவுக்கு மேல் திணிக்காமல் இருப்பது, பக்கத் தடுப்பைத் தாளின் ஓரத்தோடு ஒட்டி நகர்த்துவது, எதுவும் வேண்டாம். சிக்கனம் என்று பின் பிடுங்கிய பழைய தாளின் மறுபக்கத்தைப் போடுகிறீர்களே, அதை மட்டும் கைவிடாதீர்கள். தப்பிய ஒரு பின் போதும், டிரம்மில் கீறல் விழ.

சிக்கிய தாளை எடுக்கும்போது ஒரு கையால் வெடுக்கென்று இழுக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, தாள் போகிற திசையிலேயே மெல்ல உருவினால் முழுசாக வந்துவிடும் அபாயம் உண்டு. கிழிந்தால்தான் தபால்தலை அளவுத் துண்டு ஒன்று உள்ளே தங்கும். அங்கே ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. தாள் அதை அழுத்தினால் "தாள் இருக்கிறது" என்று மெஷினுக்குச் செய்தி போகும். துண்டு அதை அழுத்திக்கொண்டே கிடக்கும். மெஷினும் சிக்கிய தாளை எடு, எடு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எல்லாரும் திறந்து பார்ப்பார்கள், எதுவும் தெரியாது. உங்கள் மெஷினில் பாதி நாள் நடப்பது இதுதான் என்று என் அனுமானம். கடைசியில் மை உருக்கும் பகுதி மட்டும் நிஜமாகவே சுடும். அணைத்து ஆறவிடாமல் கை வைக்க வேண்டாம். இது ஒன்று கேலியில்லை.

ரோலர் துடைக்கும் துணியைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இந்த நகல் வித்தையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன், காப்புரிமைப் பிரிவில் நகல் எடுக்கும் பாட்டைப் பார்த்துச் சலித்தவர். 22-10-1938 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில், உதவியாளரோடு, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றித்தான் முதல் நகலை எடுத்தார். உலகத்தின் முதல் ஜெராக்ஸே துணியால் தேய்த்து வந்தது. உங்கள் அலுவலகத்தில் மேசை துடைக்கத் துணி உண்டு, நாற்காலியில் போட டவல் உண்டு. அதே வித்தையில் 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914 மெஷின், கிட்டத்தட்ட 300 கிலோ எடை. சிக்கிய தாள் சூட்டில் தீப்பிடிக்கும் என்று தீயணைப்பானும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த ஆபத்துகூட உங்களுக்கு இல்லை.

உங்கள் ஃபைலின் வேகத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்ச் சரித்திரம் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் நெட்டப்பாக்கம் கொம்யூனில் 31-3-1954 அன்றே பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கும் 8 பேர் எதிராகவும் வாக்களித்து, ஒரே நாளில் காரியத்தை முடித்தார்கள். ஒரு ராஜ்ஜியத்தை மாற்ற ஒரு நாள். நல்லவேளை, ரோலர் மாற்றுவதை அவர்களிடம் விடவில்லை.

இடையில் எனக்குச் சில கண்டங்கள் வந்தன. 2014-இல் அவரவர் கையெழுத்துப் போட்ட நகலே போதும் என்று மத்திய அரசு சொன்னபோது பயந்தேன். நகல் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று தேறினேன். 2015-இல் சான்றிதழ்களைப் போனிலேயே காட்டும் டிஜிலாக்கர் வந்தபோது கடையை மூடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நீங்கள்தான் காப்பாற்றினீர்கள். போனில் காட்டியவர்களிடம், "இதை ஒரு பிரிண்ட் போட்டு, அதுக்கு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்றீர்கள்.

ஒரே ஒருவர்தான் என்னைச் சங்கடப்படுத்தினார். முதியோர் பென்ஷனுக்கு அலையும் ஆயா ஒருத்தி, மூன்றாவது தடவையாக ஆதார் அட்டையை நீட்டியபடி கேட்டாள்: "ஏம்பா, அங்க நிக்கிற மெஷினு என்னதான் பண்ணுது?"

"தாளத் தின்னுது ஆயா."

"வேலையே செய்யாம துன்னுதா? அதுக்கு எந்த ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாங்க? எனக்கும் சொல்லேன்."

அவளிடம் காசு வாங்கவில்லை. அந்த நஷ்டத்தை உங்கள் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

ஆகவே, அந்த இளநிலை எழுத்தர் தம்பியை உடனே தபால் பிரிவுக்கு மாற்றுமாறும், துணி ஏதும் அந்த மெஷின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பழுதால் வாழும்,
மடுகரை ஜெராக்ஸ் கடைக்காரன்.

இணைப்பு: தங்கள் ஃபைலுக்காக இக்கடிதத்தின் நகல்கள் மூன்று. தகவல் உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகளில் உள்ள ரேட்டுதான் என் ரேட்டும், பக்கத்துக்கு 2 ரூபாய். இரண்டு பக்கம், மூன்று நகல், ஆக 12 ரூபாய். பியூன் அண்ணனிடம் சில்லறையாகக் கொடுத்தனுப்பவும்.