படப்பைப் பிரதேசத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குதல்: ஒரு குணதோஷ ஆராய்ச்சி

வாகனம் வாங்குவோர் யாவரும் ஏதேனும் ஒரு பிரயோஜனத்தை உத்தேசித்தே வாங்குகிறார்கள் என்பது பொதுஜன நம்பிக்கை. அப்படியிருக்க, இருவர் மட்டுமே சௌகரியமாக உட்காரத்தக்கதும், தரையிலிருந்து அரைச் சாணுக்கு மேல் எழும்பாததும், முன்னமே மூன்று கை மாறியதும், வயது பன்னிரண்டைத் தாண்டியதுமான ஒரு காரை, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கும் டிப்பர்களுக்கும் இடையே ஓட்டும்பொருட்டு, புத்தி சுவாதீனத்திலுள்ள கிருஹஸ்தர் ஒருவர் விலை பேசுகிறார் என்றால், அந்தக் காரியத்தின் காரணத்தை விசாரிப்பது சாஸ்திரமறிந்தோர் கடமையாகிறது. இதுகாறும் எந்தச் சர்வகலாசாலையும் இவ்விசாரணையை மேற்கொண்டதாகத் தெரியாமையால், அடியேன் துணிந்தேன்.

ஆராய்ச்சிக்குப் படப்பையைத் தேர்ந்தது தற்செயல் அன்று. மாநில நெடுஞ்சாலை 48இன் மேல் அமைந்த இவ்வூருக்கு மேற்கே ஒரகடம். அங்கே ரெனோ–நிஸ்ஸான் கூட்டாகத் தொடங்கிய தொழிற்சாலை 2010 முதல் கார்களைப் பிரசவித்த வண்ணம் இருக்கிறது. ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூரை அடைந்து சென்னையை நோக்கித் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்து யுத்தகால விமான ஓடுபாதையில் நெடுங்காலம் நடந்துவந்த கார்ப் பந்தயங்களுக்கு வாரிசாக, 1990இல் அங்கே பந்தயப் பாதை திறக்கப்பட்டது. ஆகவே, கார் பிறக்குமிடமும், கார் பறக்குமிடமும் படப்பைக்குக் கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றன. இடையிலுள்ள சாலையில் மட்டும் கார் பறப்பதற்கு வழியில்லை. போதாக்குறைக்கு, பக்கத்து மணிமங்கலத்தில்தான் பல்லவ நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை முறியடித்தான் என்று கூரம் செப்பேடுகள் சாற்றுகின்றன. அவ்விருதிறத்துச் சேனைகளும் எத்தகைய ஊர்திகளில் வந்தன, வழியில் எதன் அடிப்பாகம் உராய்ந்தது என்பனபற்றிச் செப்பேடு மௌனம் சாதிக்கிறது.

முன்னோர் நூல்களை நோக்குமிடத்து, வாகனத்தை முழு நஷ்டத்தில் கைவிட்ட முதல் தமிழன் பறம்பு நாட்டுப் பாரியே என்பது புலனாகும். முல்லைக்குத் தேரீந்த அவ்வள்ளலைப் பாராட்டிய புலவர்கள், அத்தேரின் அச்சு எந்த நிலையில் இருந்தது, பழுது பார்க்கும் செலவு எவ்வளவு ஆகியிருக்கும், கொடைக்கு முன் அதை வாங்க எவரேனும் முன்வந்தனரா என்ற அத்தியாவசியமான கேள்விகளை எழுப்பாமல் விட்டது ஆராய்ச்சியாளர்க்குப் பெருங்குறை. வள்ளுவரோ அனுபவசாலி. மெல்லிய மயிலிறகானாலும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதலில் எச்சரித்தார். தெரிந்துதெளிதலிலோ, குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, எது மிகுகிறதோ அதைக் கொண்டு முடிவு செய்க என்று விதி வகுத்தார். பழைய கார் வாங்குவோர் யாவரும், அறிந்தோ அறியாமலோ, இவ்விதியையே பின்பற்றுகின்றனர். வெள்ளைத் தாளின் நடுவே கோடு கிழித்து இப்புறம் குணங்களும் அப்புறம் குற்றங்களும் எழுதுகிறார்கள்.

சாதாரணக் கார் விஷயத்தில் இம்முறை செவ்வனே பலிக்கிறது. ஏசி நன்றாயிருக்கிறது, டயர் தேய்ந்திருக்கிறது. டயருக்கு நாற்பதாயிரம் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். ஸ்போர்ட்ஸ் காரிடம் வந்தவுடனே அந்தக் கோடு அழிந்துபோகிறது. வண்டி தாழ்ந்திருப்பதனாலன்றோ திருப்பங்களில் சாயாமல் தரையைப் பற்றி ஓடுகிறது? அது குணம். தாழ்ந்திருப்பதனாலன்றோ வேகத்தடை ஒவ்வொன்றிலும் வயிறு தட்டுகிறது? அது குற்றம். இரண்டும் ஒரே மூன்றங்குல விவகாரம். ஸ்பிரிங் விறைப்பாயிருப்பது ஓட்டுகிறவனுக்குச் சுகம், பக்கத்தில் அமர்ந்தவளின் முதுகெலும்புக்குத் துக்கம். புகைபோக்கியின் கர்ஜனை பகலிலே இசை. இரவு பதினொரு மணிக்குத் தெருவுக்குள் நுழையும்போது அதுவே வழக்கு. எனவே இப்பொருளில் குணம் வேறு, குற்றம் வேறு என்னும் துவைதம் நிற்காது, அத்வைதமே சித்தாந்தம். தராசின் இரு தட்டிலும் ஒரே கல் கிடக்கும்போது, நிறுப்பவன் எதை நிறுப்பான்?

குற்றத்தை மட்டும் கத்தரித்து எறிந்துவிட்டுக் குணத்தை வைத்துக்கொள்ளலாகாதா என்று பூர்வபக்ஷி கேட்கலாம். அந்தப் பரீட்சையும் நம் பக்கத்திலேயே நடந்து முடிந்தது. வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இயங்கிய காலத்தில், 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற கார் அங்கிருந்து வெளிவந்தது. அதன் சரீரம் இங்கிலாந்து தேசத்து ரோவர் எஸ்டி1 என்பதன் சரீரம். டேவிட் பேச் என்னும் சிற்பி, ஃபெராரி டேடோனாவின் முகச்சாயலைக் கண்முன் வைத்து வடித்த அவ்வடிவம் 1977ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்ற விருதைப் பெற்றது. சீமையில் அதனுள் எட்டு சிலிண்டர் கொண்ட மூன்றரை லிட்டர் இஞ்சின் உறுமிற்று. நம்மூரில் எரிபொருளையும் வரியையும் வசதியையும் கருதி, நாற்பதுகளின் இறுதியில் பிறந்த வான்கார்டு காரின் வம்சத்தைச் சேர்ந்த 1991 சிசி நான்கு சிலிண்டர் இஞ்சினை அதற்குள் குடியேற்றினார்கள். நம்மூர்ச் சாலைகளை உத்தேசித்து வண்டியைத் தரையினின்று சற்றே உயர்த்தினார்கள். இவ்விஞ்சினின் முன்னோர் ஐம்பதுகளில் டிரையம்ஃப் டிஆர்2 என்னும் மெய்யான ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிய குலத்தினர் என்பது வாஸ்தவமே. ஆயினும் அந்த வண்டி இலகுவானது, காலமும் வேறு. குற்றங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நிவர்த்தித்து முடித்த பின், யாரும் ஆட்சேபிக்க முடியாத, யாரும் ஆசைப்படவும் முடியாத ஒரு வாகனம் எஞ்சிற்று. 1988க்குள் உற்பத்தி நின்றது. மிச்சமிருந்த உதிரிபாகங்கள் பின்னாளில் இங்கிலாந்துக்கே விற்கப்பட்டன. இதைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் வேறு வேண்டுவதில்லை.

அடுத்து வேகத்தடை. இதுபற்றி ஜனங்களிடையே மிகுந்த அபவாதம் நிலவுவதால், கணித ரீதியாக ஆராய்வது உசிதம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி, சாமானியப் போக்குவரத்துக்கான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையதாய், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டாய் இருத்தல் வேண்டும். இரண்டரை மீட்டர் சக்கர இடைவெளியுள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அதன்மேல் ஏறினால், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஏககாலத்தில் மேட்டின் மீதே நிற்கும். கணக்கிட்டுப் பார்த்தால், வண்டியின் நடுவயிற்றை நோக்கி மேடு எழும்புவது 46 மில்லிமீட்டர் மாத்திரமே. வண்டிக்கு அடியில் 110 மில்லிமீட்டர் இருக்கிறது. ஆகவே சாஸ்திரோக்தமாகக் கட்டிய வேகத்தடை எந்த ஸ்போர்ட்ஸ் காரையும் தீண்டாது என்பது நிரூபணம். ஆனால் விபத்து நடந்த மறுநாள் ஊர்மக்கள் மறியல் செய்ததன் பேரில், ராத்திரியோடு ராத்திரியாக மிச்சத் தாரைக் குவித்துப் பள்ளிக்கூட வாசலில் எழுப்பப்படும் சுயம்பு வேகத்தடையின் அகலம் ஒன்றரை அடி. அது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே முழு உயரத்தோடும் புகுந்துகொள்கிறது. அதைக் கடக்க, வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி ஏற்றி இறக்குவார்கள். அவ்வமயம் பின்னே நிற்கும் மாநகரப் பேருந்தின் ஹாரனும், எதிரே வரும் ஷேர் ஆட்டோக்காரரின் அபிப்பிராயமும் ஸ்போர்ட்ஸ் கார் உடைமையின் நித்தியச் செலவுகளுள் சேர்க்கத்தக்கவை.

இனி, வண்டியின் நிலையை அறியும் பிரமாணங்கள். தார்க்கிகர் கூறும் பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் ஆகிய மூன்றும் இங்கே பொருந்தும். மூன்றனுள் கடைசியானதே மலிவு. புரோக்கர் திருவாய் மலர்ந்தருளும் வாக்கியங்கள் வேதம்போல் மாறாதவை: “டாக்டர் ஓட்டின வண்டி சார்”, “வாரம் ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி வெச்சதோட சரி”, “வேற பார்ட்டி அட்வான்ஸோட நிக்கறாங்க.” இவ்வளவு டாக்டர்கள் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தும் ஓட்டாமலே விற்றுவிடுவது வைத்திய உலகம் ஆராயவேண்டிய தனி விஷயம்.

அனுமானத்துக்கு நியாய சாஸ்திரம் சொல்லும் திருஷ்டாந்தம் மலையில் புகை கண்டு நெருப்பை ஊகிப்பது. நம் மெக்கானிக்குகள் அச்சாஸ்திரத்தைப் படித்ததில்லை. ஆனால் அதைவிட ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். புகை உண்டெனில் நெருப்புண்டு என்பதோடு தார்க்கிகன் திருப்தியடைந்தான். மெக்கானிக் புகையின் வர்ணத்தைக் கேட்கிறான். நீலம் பாய்ந்தால் ஆயில் எரிகிறது. கறுத்தால் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சுகிறது. இஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை விடாது தள்ளினால் கூலண்ட் உள்ளே இறங்குகிறது. இம்மூன்றையும் கேட்டவுடன் புரோக்கர், ஒரு மாதம் எடுக்காத வண்டி அப்படித்தான் இருக்கும் என்று நான்காவது ஒரு புகையை விடுவார்.

பிரத்தியட்சத்தில் தாம்பரம் வட்டாரத்துக்கென்றே ஒரு விசேஷ அத்தியாயம் உண்டு. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரைச் சேர்த்துக்கொண்டு போகும் அடையாறு, 2015 டிசம்பரில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. 2023 மிக்ஜாம் புயலிலும் அப்பகுதிகள் நீரில் நின்றன. வீட்டு மாடிக்கு மனிதர் ஏறிக்கொண்டனர். போர்டிகோவிலிருந்த கார்களால் ஏற முடியவில்லை. தாழ்ந்த வண்டிக்கு நீர் முதலிலேயே உள்ளே வந்துவிடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னர்க் கார்ப்பெட் மாற்றி, இருக்கைக்குப் புது உறை தைத்து, மல்லிகை வாசனைப் புட்டி தொங்கவிட்டு அவை சந்தைக்கு வருகின்றன. இதற்கு ஒரு பரீட்சை: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் தினமும் இழுக்கும் நீளம் கழுவப்பட்டிருக்கும். அதற்கப்பால், சுருளுக்குள்ளேயே கிடந்த கடைசி முழத்தில், பழுப்புநிறச் சேற்றுக்கோடு ஒன்று குறுக்கே ஓடினால், அது அடையாற்றின் கையொப்பம். இருக்கையின் அடியிலுள்ள போல்ட்டுகளில் துருவும், ஸ்டெப்னிக் குழியின் மூலையில் வண்டலும் சாட்சிக் கையெழுத்துகள்.

மைலேஜ் என்பதைப்பற்றி இந்நூல் ஒன்றும் கூறாது. கேட்பவன் வாங்கமாட்டான், வாங்குபவன் கேட்கமாட்டான்.

பத்திரங்களில் ஒரு வார்த்தை. பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு, டீசலுக்குப் பத்து ஆண்டு என்று டில்லிப் பிரதேசத்தில் கட்டளை பிறந்தபின், அவ்விடத்துச் சொகுசுக் கார்கள் அடிமாட்டு விலைக்குத் தெற்கே வரத் தொடங்கின. விலையைக் கண்டு மயங்குபவர், என்ஓசி வேண்டும், இங்கே வாழ்நாள் வரி கட்டவேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதானால் புதுப் பதிவெண் வாங்கவேண்டும் என்பவற்றைக் கூட்டிப் பார்த்தால் மயக்கம் தெளியும். பழைய கடன் தீர்ந்தும் ஆர்சி புக்கில் எச்பி என்னும் கடன் குறிப்பு ரத்தாகாமல் கிடக்கும் வண்டிகள் தனி வர்க்கம்.

இவ்வளவும் பரிசீலித்த பின் எஞ்சும் கேள்வி, குற்றம் எவ்வளவு என்பதன்று; குற்றத்தை அனுபவிப்பவர் யார் என்பதே. தாழ்வின் பலனை அனுபவிப்பது வீட்டுப் பெரியவர்களின் முழங்கால். இரு இருக்கையின் பலன், வீட்டில் விட்டுச் செல்லப்படும் பிள்ளைகளுடையது. சப்தத்தின் பலன் அண்டை அயலாருக்கு. வாங்குபவருக்குரிய பாகம் குணம் மாத்திரமே. தாம் வெகுவாகச் சமரசம் செய்துகொண்டதாக அவர் சொல்லிக்கொள்வது, இவர்கள் எல்லோரும் செய்துகொண்ட சமரசங்களின் மொத்தம்.

இதற்கு உதாரண புருஷராகப் படப்பையில் வசிக்கும் என் நண்பர் ஒருவரைக் கூறலாம். ஜெர்மன் தேசத்து இருகதவு வண்டி ஒன்றை முடிச்சூர்ச் சாலையில் பார்த்துவைத்து, குணதோஷப் பட்டியலைப் பல முறை திருத்தி எழுதிய அவர், கடைசியில் தம் தகப்பனாரை உடன் அழைத்துச் சென்றார். பெரியவர் வண்டலூர்த் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். பட்டியலை அவர் வாங்கிப் பார்க்கவில்லை. சாக்கு ஒன்றை விரிக்கச் சொல்லி வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தார். ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சின்மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். சீட் பெல்ட்டைக் கடைசி முழம்வரை உருவினார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “இஞ்சின் சுத்தமா இருக்கு. அடியில தகடுதான் கீறிக் கீறிப் பளபளன்னு ஆயிருக்கு. நம்ம ரோட்டுக்குப் பழகின வண்டிதான்” என்றார்.

“அப்போ வாங்கலாமாப்பா?”

“வாங்கிக்கோ. வீட்ல இருக்கற பழைய ஆம்னிய மட்டும் வித்துடாத. உங்கம்மாவுக்கு முட்டி வலி.”

நண்பரின் முகம் மலர்ந்ததைக் கண்ட புரோக்கர் விலையை இறுகப் பிடித்துக்கொண்டார். பெரியவர் அவசரப்படாமல் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கிப் பார்த்து, “ஸ்டெப்னி எங்க தம்பி?” என்றார்.

“ஸ்டெப்னி கிடையாதுங்க ஐயா. கம்பெனியே தரல. பஞ்சர் ஆச்சுன்னா இந்த டப்பாவுல இருக்கறத டயருக்குள்ள அடிச்சுக்கணும், அவ்ளோதான்.”

பெரியவர் டப்பாவை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடிப்பாகத்தில் அச்சிட்டிருந்த தேதியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தார்.

“இது காலாவதி ஆகி ஆறு வருஷம் ஆச்சேப்பா. நாலு டயரும் எந்த வருஷத்துதுன்னு இப்பப் பாத்துடுவோமா?”

டயர்களின் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கிலக்கங்களைப் பெரியவர் குனிந்து குனிந்து படித்து முடிப்பதற்குள், விலை அறுபத்தையாயிரம் இறங்கியிருந்தது.