நானும் என் கோலி வியாபாரமும்

2018 அக்டோபர் தொடக்கத்தில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணி எடுத்த ஒரு முடிவுக்கு நான் என் முழு ஆதரவையும் வழங்கினேன். அவர்கள் கேட்கவில்லை. ஆனாலும் வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில், வாயில் மட்டன் ரோல்ஸோடு, வழங்கினேன்.

விஷயம் இதுதான். வலையில் நிற்பவர், எங்கள் பேச்சில் கோலி, ஒரு நேரத்தில் ஒருவர்தான். முதல் கோலி ஃபிரெடெரிக் அண்டர்சன் என்பதில் சந்தேகமில்லை. அவருக்குப் பின்னால் யார்? மூன்று பேர் நின்றார்கள். கேர்ட்டிஸ் மக்கெல்ஹினி, வயது 35, பல அணிகளின் வாசலை மிதித்தவர். கல்வின் பிக்கார்ட். மூன்றாமவர் கரட் ஸ்பார்க்ஸ், வயது 25. லீஃப்ஸின் கீழணியான மார்லீஸுக்கு அந்த ஆண்டுதான் கால்டர் கிண்ணம் வென்று கொடுத்திருந்தார், கீழணிகளின் லீக்கில் சிறந்த கோலி என்ற பட்டமும் கையில். மூவரில் யாரைக் கீழே அனுப்புவதென்றாலும் முதலில் ‘வெய்வரில்’ போட்டாக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் வேறெந்த அணியும், பதிலுக்கு ஓர் ஆளைக்கூடத் தராமல், தூக்கிக்கொண்டு போகலாம். லீஃப்ஸ் ஸ்பார்க்ஸை வைத்துக்கொண்டு மற்ற இருவரையும் போட்டது.

“கிழவனை ஆர் எடுப்பான்?” என்றேன் நான். மறுநாள் மக்கெல்ஹினியை கரோலைனா எடுத்தது. பிக்கார்டை பிலடெல்பியா எடுத்தது.

அடுத்த வசந்தத்தில் கரோலைனா கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றுவரை போனது. நடுவில் அவர்களுடைய முதல் கோலி மிராசெக் காயப்பட, என் கிழவன் வலைக்குள் போய் நியூயோர்க் ஐலண்டர்ஸை விரட்டி முடித்தார். பிளேஓஃபில் முதல் முறையாக ஓர் ஆட்டத்தைத் தொடங்கிய கோலிகளில் அதுவரை அவரளவு வயதானவர் எவருமில்லை. பிறகு தம்பா பேயில் இரண்டு ஸ்டான்லி கிண்ணங்களும் அவர் பங்குக்கு வந்தன. ஸ்பார்க்ஸோ பருவம் முடிவதற்குள் ஓரங்கட்டப்பட்டு, கோடையில் வேகாஸுக்குப் போனார். பதிலுக்கு வந்தவை ஒரு நாலாவது சுற்றுத் தேர்வும், இனி விளையாடவே முடியாத ஒருவரின் ஒப்பந்தமும்.

லீஃப்ஸ் தவறியது அவர்கள் பாடு. நான் ஏன் அவர்களைப் பார்த்து எழுத வேண்டும் என்பதுதான் கேள்வி. எங்களுக்கென்று ஒரு ஹொக்கி பூல் உண்டு. ஸ்காபரோ, மார்க்கம், எஜாக்ஸ் என்று பரந்து கிடக்கும் உறவும் நட்பும் ஆளுக்கொரு கடதாசி அணி வைத்து, நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் எடுக்கும் புள்ளிகளில் மோதுவோம். எல்லாரும் ஜெனரல் மனேஜர்கள். கடைசி இடத்தில் வருகிறவர் மற்ற அனைவருக்கும் கொத்துரொட்டி வாங்கிக் கொடுக்க வேண்டும். கொத்துரொட்டிக் கடையில் எனக்கு இப்போது கணக்குப் புத்தகம் ஒன்று போட்டால் நல்லது. அந்த ஆண்டு நான் நம்பிக்கையோடு எடுத்த இரண்டாம் கோலி ஸ்பார்க்ஸ்.

என் சறுக்கல்களுக்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு என்று மனைவியிடம் விளக்கியிருக்கிறேன். லீஃப்ஸ் ஆடும் என்ஹெச்எல் லீக்கில் 32 அணிகள். ஓர் அணிக்குப் பருவத்துக்கு எண்பதுக்கு மேல் ஆட்டம். அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் வந்தால் ஒரே கோலியைப் பெரும்பாலும் இரண்டிலும் இறக்க மாட்டார்கள். ஆகவே இரண்டாமவர் வேண்டும். ஒருவர் இடுப்புத் தசையைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் கீழணியிலிருந்து மூன்றாமவர் வேண்டும். ஆனால் விற்கப் போனால் வாங்க ஆளில்லை, ஏனென்றால் எல்லாரிடமும் வலைக்கு ஒருவர் இருக்கிறார். இது குடை வியாபாரம். வெயிலில் ஒருவரும் கேட்க மாட்டார்கள், மழையில் நமக்கே வேண்டும். முன்கள வீரர் கொஞ்சம் சுமாராக இருந்தால் நாலாவது வரிசையில் விட்டு ஒப்பேற்றலாம். கோலிக்கு நாலாவது வரிசை கிடையாது.

“இதையெல்லாம் விளங்கித்தான் தோக்கிறீங்களோ?” என்று கேட்டாள்.

வன்கூவர் கதையை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தவன் நான். அங்கே ரொபேர்ட்டோ லுவோங்கோவுக்கு 2009இல் 12 ஆண்டு, 64 மில்லியன் டொலர் ஒப்பந்தம் எழுதினார்கள். அது முடியும்போது மனிதருக்கு 43 வயது. 2011இல் அவர் அணியை ஸ்டான்லி கிண்ண இறுதியின் ஏழாவது ஆட்டம்வரை கூட்டிப்போனார், கிண்ணம் பொஸ்டனிடம் போனது. அடுத்த ஆண்டு பிளேஓஃப் நடுவிலேயே அவரை இருத்திவிட்டு இளையவர் கோரி ஷ்னைடரை இறக்கினார்கள். இப்போது ஒரே வீட்டில் முதல்தரக் கோலிகள் இரண்டு பேர். மூத்தவரை விற்று வீட்டை நிரப்பலாம் என்பது எல்லார் கணக்கும். ரொறன்ரோவுக்கு வரப்போகிறார் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. ஆனால் அந்த ஒப்பந்தத்தை யார் சுமப்பது? 2013 ஏப்ரலில் ட்ரேட் கெடு முடிந்தபோது அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். கமராக்களுக்கு முன்னால் தன் ஒப்பந்தத்தைத் தானே திட்டினார். கோடையில் வன்கூவர் திடீரென்று இளையவரை நியூஜேர்சிக்கு விற்றது. கிடைத்தது ஒன்பதாவது தேர்வு. அதில் வந்த போ ஹோர்வட் பின்னாளில் கப்டனானார் என்பதால் அதை முழு நஷ்டம் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் போகத் தயாராக இருந்த லுவோங்கோவிடம் ‘நீர்தான் இனி எங்கள் ஆள்’ என்று சொல்ல வேண்டி வந்ததே, அந்த முகங்களை நினைத்துப் பார்க்கிறேன். 2014 மார்ச்சில் உள்ளூரில் நடந்த பெரிய விழா ஆட்டத்தில் அவரை பெஞ்சில் இருத்தி எடி லாக்கை இறக்கினார்கள். இரண்டு நாளில் லுவோங்கோ புளோரிடாவில். அவர் 2019இல் ஓய்வுபெற்றபோது அந்த ஒப்பந்தத்துக்கான தண்டனை வன்கூவரின் சம்பள உச்சவரம்பில் மூன்று பருவங்களுக்கு, ஆண்டுக்கு ஏறக்குறைய 3 மில்லியன் டொலராக விழுந்தது. போனவர் போனபிறகும் வாடகை.

இதில் நான் கற்றது: விலை ஏறியிருக்கும்போது விற்க வேண்டும். நன்றாகக் கற்றேன். பிறகு என் அணியில் ஒரு கோலி தொடர்ச்சியாக வெல்லத் தொடங்கினார். பெயர் சொல்லமாட்டேன், அவர் மீது பிழையில்லை. என் அக்கா மகன், பூலில் என் நிரந்தரத் தலையிடி, ஒரு நல்ல சென்ரரைத் தருவதாகச் சொன்னான். நான் மேலே ஒரு டிஃபென்ஸ்மனும் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது என் கோலிக்குத் தசை பிடித்தது. “மாமா, நான் யோசிச்சிட்டன்” என்று உடனே அழைப்பு வந்தது.

அவன்தான் 2019 ஜனவரியில், “மாமா, பினிங்டன் எண்டு ஒருத்தர் சும்மா கிடக்கிறார், எடுங்கோ” என்றவனும். சென்ற் லூயிஸ் அப்போது முழு லீக்கிலும் கடைசி இடம். ஜோர்டன் பினிங்டன் பருவம் தொடங்கியபோது அவர்களுடைய வரிசையில் நாலாவது ஆள். எங்கள் வீட்டுக்கு வடக்கே ரிச்மண்ட் ஹில்லில் பிறந்தவர் என்பது மட்டுமே எனக்கு அவரைப் பற்றித் தெரிந்த நல்ல செய்தி. அயலூர்ப் பெடியன் என்பதற்காக ஆளெடுக்கிற காலம் போய்விட்டது என்று மருமகனுக்கு ஒரு சிறிய உரை ஆற்றினேன். ஜனவரி 7இல் முதல் தொடக்கத்திலேயே பிலடெல்பியாவுக்கு ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை. ஜூனில் கிண்ணம். இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் எதிர்வலையில் நின்றவர் டூக்கா ரஸ்க். அவரோ லீஃப்ஸ் 2005இல் தேர்ந்தெடுத்து, ஒரு வருடத்தில் அண்ட்ரூ ரேக்றொஃப்டுக்காக பொஸ்டனுக்குக் கொடுத்துவிட்டவர். இளையோர் உலகச் சாம்பியன்ஷிப்பில் மின்னிய ஜஸ்டின் போக் கையிலிருக்க ரஸ்க் எதற்கு என்பது அன்றைய கணக்கு. போக் என்ஹெச்எல்லில் ஆடியது 7 ஆட்டம். 2006இல் நானும் போக் கட்சிதான். அது இந்தப் பத்திக்குள் அடங்காது.

ஆக, ஆளை மதிப்பிட எனக்குத் தெரியாது என்று ஏற்றுக்கொண்டு, ஆளை விட்டு வலையையே வாங்கினேன். 2019-20 பருவத்தில் கரோலைனாவின் இரண்டு கோலிகளும் என்னிடம்: மிராசெக், ஜேம்ஸ் ரைமர். யார் ஆடினால் என்ன, யார் காயப்பட்டால் என்ன, வெற்றி என் பக்கம். இதை நான் பூல் முழுவதற்கும் விளக்கினேன். வரைபடம்கூட வரைந்தேன்.

2020 பெப்ரவரி 22, சனி இரவு. கரோலைனா ரொறன்ரோவுக்கு வந்திருந்தது. முதல் பகுதியில் ரைமர் காயம். மிராசெக் இறங்கினார். இரண்டாம் பகுதியில் வட்டைத் தட்ட வலையைவிட்டு முன்னே ஓடி, லீஃப்ஸின் கைல் கிளிஃபர்டோடு மோதி விழுந்தார். அரங்கத்தில் அவசரத்துக்கென்று இருத்தப்பட்டிருந்த டேவிட் ஏயர்ஸ் எழுந்து வந்தார். வயது 42, பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்தில் பனித்தளம் துடைக்கும் சம்போனி ஓட்டியவர், தாயின் சிறுநீரகத்தோடு வாழ்பவர். முதல் இரண்டு அடிகளும் கோல். அதன் பிறகு வந்த எட்டையும் தடுத்தார். 6–3. வெற்றி அவர் பெயரில் எழுதப்பட்டது. எங்கள் பூலில் அவர் எவரிடமும் இல்லை. எடுக்கக்கூடியவர் பட்டியலிலேயே இல்லை. ரொறன்ரோ நகரமே லீஃப்ஸை நினைத்துத் தலையிலடித்துக்கொண்ட இரவில் நான் கரோலைனாவை நினைத்து அடித்துக்கொண்டேன்.

2023இல் வேகாஸ் ஒரே பருவத்தில் ஐந்து கோலிகளை இறக்கிக் கிண்ணம் வென்றதும் என் புத்தி மறுபக்கம் சாய்ந்தது. இறுதியில் நின்ற எய்டன் ஹில்லை அவர்கள் சான் ஹோசேயிடமிருந்து ஒரு நாலாவது சுற்றுத் தேர்வுக்கு வாங்கியிருந்தார்கள். அப்படியானால் ஒருவரையும் விடக்கூடாது! அன்றிலிருந்து சேர்க்கிறேன். பெஞ்ச் நிறையக் கோலிகள். கோல் அடிக்கத்தான் ஆளில்லை. கொத்துரொட்டிக் கடைக்காரர் என்னைக் கண்டதும் எத்தனை பார்சல் என்று கேட்பதை நிறுத்திவிட்டார். அவருக்கே தெரியும்.

போன கிழமை மருமகன் அழைத்தான். அவனுடைய கோலிக்கு முழங்கால். கடைசியில் மழை வந்துவிட்டது! என்னிடமிருப்பவர்களில் ஒருவரைக் கேட்டான். நான் குரலைத் தாழ்த்தி, முதல் சுற்றுத் தேர்வு என்றேன். சிரித்தான். எட்டாவது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “மாமா, உங்களுக்காக பதினெட்டாவது சுற்றுத் தேர்வு தாறன்” என்றான். அவசரத்தில் இருக்கிறவனைப் பிழிவது அழகல்ல என்று சம்மதித்துவிட்டேன். ஆளைப் பெயர் மாற்றி அவன் அணிக்கு அனுப்பியும் விட்டேன். எங்கள் ட்ராஃப்டில் பதினாறு சுற்றுத்தான் என்பதை மனைவிதான் ஞாபகப்படுத்தினாள்.