ஆயிரம் ஆண்டு தாமதம்

சீகிரியாப் பாறையின் உச்சியில் அரண்மனை எழுப்பக் காசியப்ப மன்னனுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று மாத்தளை மாவட்டத்துக்கு வரும் வெளிநாட்டுத் தம்பதிக்கு அதைப் பார்த்து முடிக்க அரைநாள் போதும். என்ன முன்னேற்றம்!

கணவர் படி எண்ணுவார். மனைவி செல்ஃபி எண்ணுவார். ஓவியக் குகையில் மட்டும் படமெடுக்கத் தடை. எடுக்க முடியாததை எதற்குப் பார்ப்பது? ஏறிய வேகத்திலேயே இறங்குவதுதான் நேரச் சிக்கனம்.

அடுத்தது கண்ணாடிச் சுவர். ஆயிரம் ஆண்டுக்கு முன் வந்தவர்களிடம் கேமரா இல்லை, பாவம். ஓவியப் பெண்களைக் கண்டு கிறங்கி, சுவரிலேயே கவிதை கிறுக்கினார்கள். அவற்றில் 685ஐ அறிஞர் பரணவிதான 1956இல் நூலாக்கினார். அது இலக்கியம்.

2015இல் ஓர் இளம்பெண் அதே சுவரில் தன் பெயரைக் கீறினார். இரண்டாண்டுச் சிறை! கொஞ்சம் முன்கூட்டி, 9ஆம் நூற்றாண்டிலேயே வந்திருக்கலாம். நல்லவேளையாக ஜனாதிபதி மன்னித்தார்.

மாத்தளைக்குத் திரும்பும் வழியில் நாலந்தா கெடிகே இருக்கிறது. நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பிரித்து, வேறிடத்தில் மீண்டும் அடுக்கிய பழங்கோயில். தம்பதி வேனில் தூங்குகிறார்கள்.