தங்க ஒலிவாங்கி

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கேப் ஜிரார்டோ என்னும் ஊரில், பாட்டனாரும் தந்தையாரும் வக்கீல்களாக விளங்கிய குடும்பத்திலே 1951-ஆம் ஆண்டு ஜனித்த ரஷ் லிம்பா, கல்லூரியை ஓராண்டிலேயே துறந்து, வானொலியே கதி என்று சரணடைந்து, நிலையம் நிலையமாக வேலைநீக்கம் பெற்று வந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு விமோசனம் அரசாங்கத்தின் வழியாக வருவதுண்டு. அரசாங்கத்தை வைதே பிழைக்கப் போகிறவருக்கும் அப்படியே வந்தது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் எதிர்த் தரப்புக்கும் இடமளிக்க வேண்டும் என்ற பழைய விதியைக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1987-இல் ரத்துச் செய்ய, மறு ஆண்டே அவர் ஒரே தரப்பை, நாள்தோறும் மூன்று மணி நேரம், தேசம் முழுதும் கேட்கும்படி தங்க வர்ண ஒலிவாங்கி ஒன்றின் முன் அமர்ந்து பிரசங்கிக்கலானார். தொலைபேசியில் அழைத்த நேயர்களோ, முன்னவர் பாடிய புகழையே தாமும் பாடுவதாக ‘டிட்டோ’ என்ற ஒற்றைச் சொல்லால் பின்பாட்டுப் பாடினார்கள்.

2001-இல் அவருடைய செவிப்புலன் அநேகமாக முற்றும் போயிற்று. ஆயினும் நிகழ்ச்சி தொடர்ந்து நடந்தது. பிறர் சொல்வதைக் கேட்பது அந்தத் தொழிலுக்கு எவ்வளவு தூரம் அவசியம் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். 2008-இல் எட்டாண்டுகளுக்கு 40 கோடி டாலர் என்று ஒப்பந்தமாயிற்று. புகையின் தீமையைப் பற்றிய எச்சரிக்கைகளை ஏளனம் செய்து, சுருட்டும் கையுமாக இருந்த அவர் 2021 பிப்ரவரியில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்; இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒருபால் விவாகம் தகாது என்று வாதாடி வந்த அவருடைய நான்காவது கல்யாணத்தில், 2010-இல், பாட்டுக் கச்சேரி செய்தவர், ஆண் துணைவரோடு இல்லறம் நடத்தி வந்த எல்டன் ஜான்.