தேனீக்களுக்குச் சம்பளம் இல்லை

எங்கள் முத்தாபுதுப்பேட்டையில் மதில் சுவருக்குப் பஞ்சமில்லை. விமானப்படை நிலையத்துக்கு மதில். மதில்மேல் முள்கம்பி. கம்பிக்குக் கீழே பலகை: அத்துமீறி நுழையாதே, படம் எடுக்காதே. சரிதான், நாட்டின் பாதுகாப்பு. ஆவடிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். அரசாங்கம் ஒரு பொருளை மதித்தால் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பும். மதிக்காவிட்டால் அதைப் பற்றி மேடையில் பேசும்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானின் பைக்கில் தொற்றிக்கொண்டு, பழைய கற்கால இடமான குடியம் குகைக்குப் போனேன். திருவள்ளூர் தாண்டி, பூண்டி ஏரி தாண்டி, சீத்தஞ்சேரிப் பக்கம். சென்னைவாசி 1944 முதல் அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கிறான். ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஆந்திரா என்பான்.

டீக்கடையில் வழி கேட்டேன்.

“குகைக்கா சார்? ஷூட்டிங்கா?”

“இல்லீங்க. சும்மா பாக்கத்தான்.”

“சும்மாவா?”

கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மச்சானிடம் தனியாகக் கேட்டார்: “புதையலா?”

ஊரைத் தாண்டியதும் காட்டுப்பாதை. உருண்டைக் கற்கள். கால் வைக்கும் இடமெல்லாம் கணுக்கால் திரும்புகிறது. வழிகாட்டிப் பலகை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. மது பாட்டில் நிறைய பட்டது. வழி தவறவே இல்லை. பாட்டில்களைப் பின்தொடர்ந்தால் போதும், குகை வந்துவிடும்.

குகை என்றால் சுரங்கம் போல நினைக்க வேண்டாம். மலை வாயைத் திறந்து அப்படியே நின்றுவிட்டது போன்ற பாறைக்கூரை. கூழாங்கற்களை அள்ளிப் பிசைந்து வைத்தது மாதிரி பாறை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். உள்ளே ஒரு அம்மன். மேலே ஆள் உயரத்துக்குத் தொங்கும் தேன்கூடுகள். சத்தம் போடக் கூடாது, தேனீ கொட்டிவிடும்.

அங்கே நான் பார்த்த காவல் இவ்வளவுதான்: அம்மனும் தேனீயும். இரண்டுக்கும் சம்பளம் இல்லை, பஞ்சப்படி இல்லை, பொங்கல் போனஸ் இல்லை. ஆனால் இரண்டும் வேலை நேரத்தில் இடத்தை விட்டு நகர்வதில்லை. தேனீக்கு எட்டும் உயரத்தில் பாறை சுத்தமாக இருக்கிறது. மனிதன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு ரமேஷ் ஒரு கவிதாவைக் காதலிக்கிறான், பெயின்டில்.

இனி வரலாறு. 1863 மே 30. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கோடரி. இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், அதிரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கண்டார். குடியம் குகையும் ஃபூட் பார்த்த இடம்தான். 1960களில் தொல்லியல் துறை குடியத்தில் தோண்டிப் பார்த்தது. 2011இல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அவர்களது குழுவும் அதிரம்பாக்கத்துக் கருவிகளுக்கு வயது சொன்னார்கள்: சுமார் 15 லட்சம் ஆண்டு. மிகவும் குறைத்துச் சொன்னாலும் 10 லட்சத்துக்கு மேல். இந்தியத் தொல்லியல் நூல்களில் இந்தக் கோடரி மரபுக்கு ‘மெட்ராஸ்’ மரபு என்றே ஒரு பெயர் உண்டு. நாம் 1996இல் மெட்ராஸை அழித்துச் சென்னை என்று எழுதிவிட்டோம். அந்தக் கல்லை அழிக்கப் பெயின்ட் வாளிகூடத் தேவைப்படவில்லை, மறந்ததே போதும்.

வயது வெளியானதும் மேடைகளுக்கு வேலை வந்தது. “15 லட்சம் ஆண்டுக்கு முன்பே தமிழன் இங்கே...” என்று ஒருவர் மைக்கைக் கடித்தார். கைதட்டல். ஐயா, அந்தக் கோடரியைச் செதுக்கியவன் தமிழன் இல்லை. நம் இனத்து மனிதனே இல்லை. நம் இனம் தோன்றியே சுமார் மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது. அவனுக்கு மொழி இருந்ததா என்றே ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். நீங்கள் அவனுக்குக் கட்சித் துண்டு போட்டுவிட்டீர்கள்.

ஆனாலும் அவன் வேலைக்காரன். குவார்ட்சைட் கல்லை எடுத்து இரண்டு பக்கமும் சமமாகச் செதுக்கினான். சீத்தஞ்சேரி வரை பைக்கில் போன என் முதுகெலும்பு சாட்சி: சாலையின் இரண்டு ஓரத்தையும் சமமாகப் போட்ட ஒப்பந்ததாரரை நாம் இன்னும் தோண்டி எடுக்கவில்லை.

கீழடி அகழாய்வு அறிக்கை 982 பக்கம். 2025இல் திருத்து என்றது டெல்லி. கொதித்தது சென்னை. அது நியாயமான கொதிப்பு. கீழடிக்கு 2023இல் அழகான அருங்காட்சியகம் வந்தது, அதுவும் நல்லதே. ஆனால் கீழடியின் 2,600 ஆண்டுக்கு இவ்வளவு சூடு வருகிறவர்களிடம் 15 லட்சம் ஆண்டுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு காவலாளியும் கேட்டுப் பாருங்கள். காடு ஒரு துறையுடையது. கல் இன்னொரு துறையுடையது. பார்க்க வருகிறவன் மூன்றாவது துறையின் பொறுப்பு. தேனீ கொட்டினால் நான்காவது துறை, அதுவும் திருவள்ளூரில். சண்டை போட எதிரி இல்லாத பெருமைக்கு நம் ஊரில் நிதி ஒதுக்கீடு கிடையாது.

நீலகிரியில் 2022இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். அதுவும் நீதிமன்றம் சொன்ன பிறகு. ஆக, குடித்துப் போட்ட பாட்டிலுக்கு இந்த மாநிலத்தில் ஒரு விலை உண்டு, ஒரு கணக்கு உண்டு. குடியத்துப் பாதையில் கிடக்கும் செதுக்கிய கல்லை எண்ண ஆள் இல்லை.

பாதையில் கிடப்பதாவது கிடக்கிறது. மண்ணுக்குள் இருப்பது லாரியில் போகிறது. திருவள்ளூர் மாவட்டத்துக்காரனுக்குச் ‘சவுடு’ என்றால் விளக்கம் வேண்டாம்; மற்றவர்களுக்கு: பள்ளம் நிரப்பும் மண். ஏரியைத் தூர் வாருகிறோம் என்று ஒரு சீட்டு. சீட்டில் எழுதியது மூன்றடி, பொக்லைன் இறங்குவது முப்பதடி. கேட்டால் லாரி சக்கரம் பதில் சொல்லும். கற்கருவிகள் கிடப்பதும் இதே மாவட்டத்துச் சரளையிலும் செம்மண்ணிலும்தான். ஃபூட் தன் கல்லைக் கண்டதும் தோண்டிய குழியில்தான். வித்தியாசம் ஒன்றே. அவர் குழிக்குள் குனிந்து பார்த்தார். நம் ஆட்கள் குழிக்கு மேலே நின்று லோடு எண்ணுகிறார்கள்.

திரும்பும் வழியில் டீக்கடைக்காரர் கேட்டார்: “ஏதாச்சும் கெடச்சிதா சார்?”

“ஒண்ணும் இல்லீங்க.”

“அங்க இருக்கறது வெறும் கல்லுதானே சார்.”

அவரிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் வீடு கட்டியபோது மனை தெருவைவிடத் தாழ்வு. மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்று கொத்தனார் சொன்னார். மேடாக்க 12 லோடு சவுடு கொட்டினேன். எந்த ஏரி, எந்த ஊர் மண் என்று லாரிக்காரரைக் கேட்கவில்லை. லோடுக்கு 200 ரூபாய் குறைப்பாயா என்று மட்டும்தான் கேட்டேன். குறைத்தார்.