நுனி ஒடிக்க முடியாத காய்கறிகள்

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் காய்கறி வாங்குதல் என்பது வெறும் கொடுக்கல் வாங்கல் அன்று. அது முறையாக நடத்தப்படும் ஒரு தேர்வு. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது, சுரைக்காயின் மேல் நகத்தைப் பதித்துப் பார்ப்பது, முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பது, கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் புழு நுழைந்த துளையைத் தேடுவது, தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்குவது என்று காய்க்கொரு சோதனை வகுக்கப்பட்டு, மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் ஓய்வுபெற்ற தந்தையிடமிருந்து அதை ஒருநாளும் கற்றுக்கொள்ளாத மகனுக்கும் கைமாறி வருகிறது. "ஒடிச்சுப் பாக்காதீங்கம்மா, ஒடிச்சத அப்புறம் யாரு வாங்குவா?" என்று தள்ளுவண்டிக்காரர் முறையிடுவதும், அதைக் காதில் வாங்காமல் மேலும் நான்கு காய்கள் ஒடிக்கப்படுவதும் இத்தேர்வின் பாடத்திட்டத்திலேயே அடங்கும். இறுதியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் சிறிது கொத்துமல்லியும் கொசுறாகப் பையில் விழுந்தால்தான் வியாபாரம் முடிந்ததாகப் பொருள்.

பல்பொருள் அங்காடியின் கண்ணாடி மூடியிட்ட பெட்டிக்குள் பனித்தூள் படிந்து கிடக்கும் பச்சைப் பட்டாணிப் பொட்டலம் இந்தத் தேர்வு எதற்கும் உட்படுவதில்லை. அதில் ஒடிக்க நுனி கிடையாது, நகம் இறங்காது, முகர்ந்தால் பிளாஸ்டிக் உறையின் வாடைதான் வரும். பேரம் பேசுவதற்கு எதிரில் ஆளும் இல்லை, கொசுறு கேட்டால் கல்லாவில் இருக்கும் இளைஞருக்குப் புரிவதும் இல்லை. "அதுல என்ன சத்து இருக்கப் போகுது?" என்று கேட்டுவிட்டு அப்பால் நகரும் வாடிக்கையாளர் ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசுவதாகவே நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் பறிபோன ஓர் உரிமைக்காக வருந்துகிறார் என்றும், அந்த வருத்தம் வெளியில் சொல்லக் கூசுவதாய் இருப்பதால் வைட்டமின் என்னும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வருகிறது என்றும் கொள்ள இடமுண்டு.

உறைபதனம் எனப்படுவது, உணவிலுள்ள நீரை விரைந்து பனிக்கட்டியாக்கி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸோ அதற்கும் குறைவாகவோ உள்ள குளிரில் வைத்துக் காக்கும் முறை. இதில் குளிரைக் காட்டிலும் வேகமே முதன்மையானது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும். மெல்ல மெல்ல உறைந்தால் பனிப்படிகங்கள் சாவகாசமாக வளர்ந்து காயின் உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடுவதால், உருகியதும் நீர் வடிந்து காய் துவண்டுபோகிறது. சில நிமிடங்களுக்குள் உறைந்துவிட்டாலோ படிகங்கள் நுண்ணியவையாகவே நின்றுவிட, சுவர்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன. அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, 1912ஆம் ஆண்டையொட்டி, இன்று கனடாவைச் சேர்ந்திருக்கும் லாப்ரடாருக்குச் சென்று தங்கியிருந்தபோது, இனுயிட் மக்கள் பிடித்துப் போட்ட மீன் கடுங்குளிர்க் காற்றில் உடனே உறைந்துபோனதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தபோதும் அதன் சுவை கெடாதிருந்ததையும் கவனித்தார். பின்னர் அதே வேகத்தை இயந்திரத்தில் கொண்டுவந்து ஒரு நிறுவனத்தையும் தொடங்கிய அவருடைய தொழில் 1929இல் 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. 1930 மார்ச் 6ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் உறைந்த மீன், இறைச்சியோடு பட்டாணியும் பசலைக்கீரையும் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வஞ்சிரத்துக்கு விலை கேட்பதையே அவமானமாகக் கருதும் ஊரில் பேர்ட்ஸ்ஐ பிறந்திருந்தால் இம்முயற்சி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது தனியே ஆராயத்தக்கது.

இன்றைய ஆலைகளில் பட்டாணிக்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. துளையிட்ட தட்டின் கீழிருந்து மேலாகக் கடுங்குளிர்க் காற்று வீச, மணிகள் அந்தரத்தில் துள்ளியபடியே ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக உறைகின்றன. நல்ல பொட்டலத்தைக் குலுக்கினால் கோலிக்குண்டுகள் போலச் சலசலப்பது இதனால்தான். அதற்கு முன்பே அவை கொதிநீரிலோ நீராவியிலோ ஒன்றிரண்டு நிமிடம் காட்டி எடுக்கப்படுகின்றன. பிளாஞ்சிங் எனப்படும் இந்த வேலை, காய் பறிக்கப்பட்ட பின்னும் உள்ளே ஓயாமல் உழைத்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதிகளை, அதாவது உயிர்வேதி மாற்றங்களை முடுக்கிவிடும் புரதங்களை, செயலிழக்கச் செய்கிறது. வெந்நீரில் கரையக்கூடிய வைட்டமின் சியில் ஒரு பங்கு அப்போதே போய்விடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் போனது போக நின்றது மாதக்கணக்கில் பெரிதாகக் குறையாமல் இருக்கிறது. காயின் திசுக்களுக்கிடையே இருந்த காற்று வெளியேறிவிடுவதால் பச்சை நிறமும் முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். அந்தப் பளபளப்பைக் கண்டு "சாயம் போட்டிருப்பான்" என்று பொட்டலத்தைத் திருப்பி வைப்பவர், தெருமுனையில் அலுமினியப் படியால் அளந்து விற்கப்படும் உரித்த பட்டாணியை நம்பிக்கையோடு வாங்கிச் செல்வதுண்டு. உலர்ந்த பட்டாணியை ஊறவைத்து மாலகைட் கிரீன் என்னும் தடைசெய்யப்பட்ட சாயமேற்றிப் புதிதென விற்கும் கலப்படம் அந்தப் படியைச் சேர்ந்ததே தவிர, பொட்டலத்தைச் சேர்ந்தது அன்று. அரை மணி நேரம் கண்ணாடிக் குவளை நீரில் போட்டு வைத்து நிறம் பிரிகிறதா என்று பார்க்குமாறு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருப்பதும் இதற்காகத்தான்.

இனி எதிர்த்தரப்பாகிய புதிய காய்கறியைக் கவனிக்கலாம். சென்னையைப் பொறுத்தமட்டில், புதிய காய் என்பது மதனப்பள்ளியிலோ கோலாரிலோ கொடைக்கானல் மலையிலோ பறிக்கப்பட்டு, மூட்டையில் நசுங்கி, இரவெல்லாம் லாரியில் குலுங்கி, விடியுமுன் கோயம்பேட்டில் இறங்கி, அங்கிருந்து சிறு வியாபாரியின் வண்டிக்கு வந்து, வெயிலில் வாடாதிருக்கத் தண்ணீர் தெளிக்கப்பட்ட காய். இவ்வளவுக்கும் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் நுனி ஒடிக்கப்பட்டு வீடு சேரும் அது, குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் அடுத்த வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஒன்றில், 4 டிகிரி குளிரில் 7 நாள் வைக்கப்பட்ட காய்களின் வைட்டமின் சி இழப்பு பட்டாணியில் 15 விழுக்காடாகவும் பச்சை பீன்ஸில் 77 விழுக்காடாகவும் குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே வெள்ளிக்கிழமை மதியம் பீன்ஸ் பொரியலைத் தட்டில் இட்டு, "உறைஞ்ச காயெல்லாம் நம்ம வீட்டுல கிடையாது" என்று பெருமை கொள்ளும் இல்லத்தில், வைட்டமின் சியின் பெரும்பகுதி அதற்கு முன்பே விடைபெற்றுப் போயிருக்கக்கூடும். நார்ச்சத்து, தாது உப்புகள், கேரட்டின் கரோட்டின் போன்றவை அவ்வளவு எளிதில் அசைந்துகொடுப்பதில்லை என்பது அவ்வில்லத்துக்கு ஓர் ஆறுதல்.

இதனினும் வியப்புக்குரிய ஒரு வழக்கம் உண்டு. பட்டாணி மலிந்து வரும் குளிர்காலத்தில், உறைந்த காயை வெறுக்கும் அதே குடும்பம் 5 கிலோ பட்டாணியை மூட்டையாக வாங்கி, தொலைக்காட்சித் தொடரின் முன் வட்டமாக அமர்ந்து உரித்து (உரித்தபின் எடையில் பாதிகூடத் தேறாது), பாலித்தீன் பைகளில் கட்டி ஃப்ரீசரில் அடுக்குகிறது. வெந்நீரில் காட்டும் வேலை பெரும்பாலும் செய்யப்படுவதில்லை. எனவே நொதிகள் அந்தக் குளிரிலும் தம் வேலையை மெல்லத் தொடர்கின்றன. ஐஸ்கிரீமும் இட்லி மாவும் மீந்த குழம்பும் கூடி வாழும் வீட்டு ஃப்ரீசர் ஆமை வேகத்தில் உறையவைப்பதால் பனிப்படிகங்கள் பெரிதாகின்றன; மின்வெட்டு வந்து போகும் ஒவ்வொரு முறையும் பட்டாணி சற்றே உருகி மீண்டும் உறைந்து இறுகுகிறது. ஆலை தவிர்க்கப் பாடுபடும் அத்தனையும் இங்கே ஒழுங்காக நடந்தேறுகிறது. ஆயினும் இந்தப் பட்டாணியை அக்குடும்பம் உறைந்த காயாக எண்ணுவதே இல்லை. அது "நாமளே உரிச்சு வெச்சது".

உறைபதனத்தின் பக்கம் குற்றமே இல்லை என்பதும் சரியாகாது. வெள்ளரி, பூசணி, வாழைத்தண்டு போல நீர்ச்சத்து மிகுந்தவை உறைந்து உருகினால் உருக்குலைந்துவிடும். உறைந்த காலிஃபிளவரில் வறுவல் செய்ய முனைபவருக்கு ஒரு வகைக் கூட்டுதான் கிடைக்கும். குளிர்ச்சங்கிலி, அதாவது ஆலை முதல் லாரி, கிடங்கு, கடை வரை ஒரே குளிர் அறுபடாமல் தொடரும் ஏற்பாடு, கடைசிக் கண்ணியில் அறுந்துபோகலாம். இரவில் மின்கட்டணத்துக்கு அஞ்சிக் கடைக்காரர் பெட்டியை அணைத்து வைக்கிறாரோ என்ற ஐயம் எழுவது இயற்கையே. நல்லவேளையாக இதற்கொரு சோதனை இருக்கிறது. பொட்டலத்தை அமுக்கினால் பட்டாணி உதிரி உதிரியாக நகர வேண்டும். செங்கல்லாக ஒட்டிக் கிடந்தால் அது இடையில் ஒருமுறையேனும் உருகியிருக்கிறது. நுனி ஒடித்துப் பழகிய கைகளுக்கு இந்தச் செய்தி எட்டினால், அங்காடியின் உறைபதனப் பெட்டியருகே கூட்டம் சேர்ந்து, அமுக்கிப் பார்க்க வேண்டாம் என்று ஊழியர் முறையிடும் நாளும் வரலாம். கீரையின் வழக்கில் மட்டும் தள்ளுவண்டிக்கே வெற்றி: 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையைப் போன்ற இடத்தில், முந்தைய மாலை அறுத்த முளைக்கீரை மறுநாள் காலை விற்று, மதியமே மசியலாகிவிடும்போது, எந்த ஆலையும் அதனோடு போட்டியிட இயலாது.

டொராண்டோவிலும் லண்டனிலும் வாழும் தமிழருக்கு இந்த விவாதமெல்லாம் கைக்கெட்டாத ஆடம்பரம். அங்குள்ள தமிழ்க் கடைகளின் ஃப்ரீசரில் விரல் நீளத்துக்கு நறுக்கிய முருங்கைக்காய், துருவிய தேங்காய், உரித்த சின்ன வெங்காயம், பரோட்டா வரை அனைத்தும் உறைந்தே கிடைக்கின்றன. பிள்ளையைப் பார்க்கச் சென்னையிலிருந்து செல்லும் தாய்மார், ஊரில் பட்டாணிப் பொட்டலத்தைத் தொடாதவராயினும், அங்கே இரண்டாம் வாரத்துக்குள் முருங்கைக்காய்ப் பொட்டலத்தைக் கத்தரிக்கோலால் வெட்டித் துண்டுகளை நேரே கொதிக்கும் புளித்தண்ணீரில் போடப் பழகிவிடுகின்றனர். அந்தச் சாம்பார் நன்றாக அமைந்துவிட்டால், புகழ் முழுவதும் ஊரிலிருந்து பெட்டியில் வைத்து எடுத்துச் சென்ற பெருங்காயத்துக்குப் போகிறது; சற்றே பிசகினால், பழி முழுவதும் முருங்கைக்காயின் தலையில் விழுகிறது.